பாலத்தடியில் ஒரு மணித்தியாலம்

"உங்கட பாசைத் தாங்கோ அம்மா" என்று நிருசன் கேட்டபோது கஜலக்சுமி தட்டை வடைக்கு மா உருட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. சனிக்கிழமை காலையில் எடின்பரோவுக்கு விமானம். ஸ்கொட்லாந்தில் ஆறு நாள். அங்கே கடைச் சாப்பாடு சரிவராவிட்டால் கடிக்க ஏதாவது வேண்டுமே என்று நூற்றைம்பது வடைக்குக் கணக்குப் போட்டு உளுந்து ஊறவைத்திருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்தவள், போட்டிருந்த கறுப்புக் காற்சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. நிருசன் சாப்பாட்டு மேசையிலிருந்து, பிரித்தானியாவுக்குள் போவதற்கு இப்போது போனிலேயே எடுக்கவேண்டிய அனுமதியை ஒவ்வொருவருக்காக எடுத்துக்கொண்டிருந்தான். தகப்பனுடையது வந்தது. தன்னுடையது வந்தது. தங்கச்சி கிருசிகாவுடையதும் வந்தது. கஜலக்சுமி கையைத் துடைத்துக்கொண்டு போய், அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே கிடந்த கடவுச்சீட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது சிலோன் பாஸ் அம்மா. சிவப்புப் பாஸ் எங்க?"

"எனக்கு எங்காலை சிவப்பு? இதுதான் என்ர பாஸ்."

நிருசன் போனைக் கீழே வைத்தான். தாயைப் பார்த்தான், பாசைப் பார்த்தான், பிறகும் தாயைப் பார்த்தான்.

"அம்மா… நீங்கள் சுவிஸ் இல்லையோ?"

இருபத்திரண்டு வயது. சுவிசின் ஊஸ்டர் நகரில் பிறந்து ஊஸ்டரில் படித்தவன். சுவிஸ் இராணுவத்துக்குப் போய்ப் பதினெட்டுக் கிழமை பயிற்சி எடுத்து, துவக்கோடு வீட்டுக்கு வந்தவன். தன்னைப் பத்து மாதம் சுமந்தவள் எந்த நாட்டுப் பிரசை என்று அவனுக்குத் தெரியாது. அவனைச் சொல்லி என்ன, யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்!  அவன் திரும்பவும் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். இலங்கைப் பாசுக்கு இந்த அனுமதி கிடையாது, விசா எடுக்க வேண்டும், அதற்குக் கைரேகை கொடுக்கவேண்டும், குறைந்தது மூன்று கிழமை செல்லும் என்று ஒவ்வொன்றாக வாசித்தான். வாசிக்க வாசிக்க அவனுடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. எண்ணெய்க்குள் கிடந்த எட்டு வடையும் கருகிப் புகைந்தன.

தவபாலன் ஏழு மணிக்கு வேலையால் வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன இது, வீடு முழுக்கப் புகை?" என்றார். நிருசன் விசயத்தைச் சொன்னான். மனுசன் நடுக்கூடத்தில் ஒரு கால் சப்பாத்தோடும் ஒரு கால் காலுறையோடும் நின்றபடி யோசித்தார்.

"சி பெர்மிட் இருக்குத்தானே? பாரிசுக்குப் போகேக்க ஒருத்தனும் கேக்கேல்லை. ஜேர்மனிக்குப் போகேக்கயும் கேக்கேல்லை."

"லண்டன்காரன் கேப்பான் அப்பா."

"அது சரி…" மற்றச் சப்பாத்தையும் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். "நீர் ஒருக்கா ஞாபகப்படுத்தியிருக்கலாம்தானே, கஜா."

அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"சித்திரையில சொன்னனான். ஆனியில சொன்னனான். உந்தக் குசினி வாசல்லதான் நிண்டனீங்கள். 'அதெல்லாம் நான் பாக்கிறன், நீர் உம்மட பாலத்தைப் பாரும்' எண்டனீங்கள். சொன்னனீங்களோ இல்லையோ?"

தவபாலன் குளிர்ப்பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். தப்பு மாட்டுப்படும்போது அவருக்குத் தாகம் எடுக்கும். இருபத்தெட்டு வருசத்தில் அவள் கண்ட உண்மை அது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. மனுசன் உண்மையாகவே மறந்துவிட்டார். வருசத்துக்கு இரண்டு தரம் காரிலே எல்லை தாண்டிப் பாரிசுக்கும் டோர்ட்முண்டுக்கும் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று போய்வந்த பழக்கம். சி பெர்மிட் என்ற நிரந்தர வதிவிட அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தால் உலகமே திறக்கும் என்று நினைத்துவிட்டார். லண்டனுக்கு அவர் மூன்று முறை பிள்ளைகளோடு போயிருக்கிறார். மூன்று முறையும் அவளுக்கு ஷிஃப்ட். யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும்! அதனால் அவளுக்கென்று ஒரு விசா எடுக்கவேண்டி வந்ததே இல்லை. எடுத்துப் பழகாத விசா எப்படி ஞாபகத்துக்கு வரும்?

இனி அந்தப் பாலத்தின் கதையைச் சொல்லவேண்டும். கஜலக்சுமி கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனவள். ஒன்றரை வருசம் படித்தாள். முதலாம் வருசத்தில் ஒரு விரிவுரையாளர் பழைய படமொன்றைத் திரையில் போட்டுக் காட்டினார். இரண்டு கதிரையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். இருவரும் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, கதிரையிலிருந்து சரிவாக எழும்பும் தடிகளின் நுனியைப் பிடித்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ஒரு ஜப்பான்காரன் கால் நிலத்தில் முட்டாமல் சாவகாசமாக இருக்கிறான். வெளிப்பக்கக் கைகள் இரண்டிலும் கயிறு கட்டிச் செங்கல் அடுக்கு. ஸ்கொட்லாந்தில் ஃபோர்த் என்ற கடற்கழிமுகத்துக்கு மேலே இரண்டரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு ரயில் பாலம் கட்டியவர்கள், பாரம் எப்படி நிற்கிறது என்று சனத்துக்கு விளக்க எடுத்த படம் அது. "நடுவில் இருப்பவர் விழாமல் இருப்பது யாரால்?" என்று விரிவுரையாளர் கேட்டார். கதிரையில் இருப்பவர்களால் என்று வகுப்பே சொன்னது. கஜலக்சுமி மட்டும் எழும்பி, செங்கல்லால் என்றாள். அவர் அவளுடைய பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த வருசம் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. கண்டியில் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்று வீட்டில் பயந்து, படித்தது காணும் என்று இழுத்தெடுத்துச் சுவிசுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள் பிறகு எந்தப் பாலத்தையும் கட்டவில்லை. நூற்றியிருபது முதியவர்களுக்கு உப்பில்லாத சூப் காய்ச்சினாள்.

ஆனால் பார்க்கலாம்தானே? கட்டத்தான் விடவில்லை, பார்ப்பதற்கு என்ன? ஆறு வருசமாகத் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் ஸ்கொட்லாந்தை எழுதி வந்தாள். எரிமலைப் பாறையின் தலையில் நிற்கும் எடின்பரோக் கோட்டை. பழைய முறைப்படி சுண்ணாம்பு பூசி மஞ்சளாக நிற்கும் ஸ்ரேர்லிங் கோட்டையின் பெரிய மண்டபம். கிளாஸ்கோவில் இரண்டு தரம் தீப்பிடித்து இன்னும் சாரம் கட்டி நிற்கும் ஓவியக் கல்லூரி. ஃபோல்கேர்க்கில் வள்ளத்தைத் தண்ணீரோடு தூக்கிச் சுற்றி மேல்வாய்க்காலில் விடும் சக்கரம். எட்டுக் கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிக்கவைக்கிற மின்சாரம் அதற்குப் போதும் என்று வாசித்து, நம்பாமல் மூன்று இடத்தில் சரிபார்த்து எழுதியிருந்தாள். பதினாலு இடம். கடைசி நாலு பக்கமும் ஃபோர்த் பாலத்துக்கு. எத்தனை ஆணி, எத்தனை தொன் உருக்கு, கட்டும்போது செத்தவர் எழுபதுக்கு மேல், எந்தக் கரையில் நின்றால் எந்தக் கோபுரம் தெரியும், எந்தச் சின்ன ஸ்ரேசனில் ஏறி எந்தச் சின்ன ஸ்ரேசனில் இறங்கினால் பாலத்துக்குக் குறுக்கே போகலாம், எல்லாம். விமான நிலையத்திலிருந்து கரைக்குக் காரில் பத்து நிமிசம். அவள் கேட்டது அந்தப் பாலத்தடியில் ஒரு மணித்தியாலம். ஒரேயொரு மணித்தியாலம்.

அதுவும் பிறகு துரையண்ணையின் கைக்குப் போனது. தம்பித்துரை, தவபாலனின் மூத்த தமையன், லண்டனில் இருப்பவர். "நீங்கள் போறதெண்டால் நாங்களும் வாறம், ஒரு வான் பிடிச்சால் சரி" என்று தொடங்கினார். அவருடைய மகள் லக்சாயினிக்குத் தை மாதம் கலியாணம். இந்தக் காலத்தில் கலியாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை பொம்பிளையைக் கோட்டையிலும் மலையிலும் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமே! கொப்பியில் இருந்த பதினாலு இடம் ஒன்பதாகி, ஒன்பது ஐந்தாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் மூன்று கோட்டையும், சினிமாவில் ரயில் வளைந்து போகிற அந்தத் தூண் பாலமும், கஜலக்சுமியின் ஒரு மணித்தியாலமும் மிஞ்சின. அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்திருந்தாள்.

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தியே துரையண்ணை போனில் வந்தார். தவபாலன் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"பிள்ளை கஜா, கேள்விப்பட்டன். என்ன செய்யிறது, நடந்தது நடந்து போச்சு. வானும் பிடிச்சாச்சு, கோட்டையில படமெடுக்க நேரமும் எடுத்தாச்சு. இனி ஒண்டும் மாத்தேலாது. நீர் யோசிக்காதையும், அடுத்த முறை வரலாம்தானே. பாலம் எங்க ஓடப்போகுது?"

தவபாலன் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. கஜலக்சுமி அதைக் கேட்டாள்.

"நான் நிக்கிறன் அண்ணை" என்றாள். "ஆனா நீங்கள் பாலத்தடிக்குப் போங்கோ. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. நிருசன் கட்டட வரைபடம் படிச்சவன், அவன் பாக்கவேணும். கொப்பியைக் குடுத்து விடுறன். நான் இஞ்சயிருந்து போனில காட்டித் தாறன். ஒரு மணித்தியாலம்."

"சத்தியமாப் போவம், பிள்ளை. இதென்ன பெரிய வேலையே!"

அன்றைக்கு மிச்ச நூற்றிநாற்பத்திரண்டு வடையையும் அவள் சுட்டு முடித்தாள். ஏன் சுட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. மாவை வீணாக்கக் கூடாது என்று கை தன்பாட்டில் செய்தது. படுக்கையில், மனுசன் மேலிருந்ததைவிடத் தன்மேல்தான் அவளுக்குக் கோபம் கூட. சமையலறையில் மாதாந்த ஓடர் படிவம் நிரப்புகிறவள் அவள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சுத்தம், ஒவ்வாமை எல்லாம் ஜேர்மன் மொழியான டொச்சில் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். ஒரு விசாப் படிவத்தை அவளால் நிரப்ப ஏலாதா? "அதெல்லாம் நான் பாக்கிறன்" என்று ஒருவர் சொன்னால் அதோடு வாயைப் பொத்திக்கொண்டு போகிற பழக்கத்தை யார் பழக்கினது? பதின்மூன்று வருசத்துக்கு முந்தியும் இதே வசனம்தான். சுவிஸ் பிரசாவுரிமைக்குப் படிவம் எடுத்துவந்தபோது தவபாலன் சொன்னார்: "உமக்கு டொச் காணாது. முதல்ல நானும் பிள்ளையளும் எடுப்பம். நீர் பிறகு எடுக்கலாம்." அவளுக்கு ஏன் டொச் காணாது? பின்னேரங்களில் அவர் டொச் வகுப்புக்குப் போக, அவள் ஒரு பல் டொக்டரின் இடத்தைக் கழுவப் போனாள். பிறகு, பிறகு என்று பதின்மூன்று வருசம் போய்விட்டது.

சனிக்கிழமை விடிய அவர்கள் போனார்கள். கிருசிகா மட்டும் கட்டிப்பிடித்து, "சொறி அம்மா" என்றாள். நிருசன் கொப்பியை முதுகுப்பைக்குள் வைத்து, இரண்டு தரம் தட்டிக் காட்டினான். கஜலக்சுமி அந்தக் கிழமை முழுக்க லீவு எடுத்திருந்தாள். லீவில் அவள் வீட்டில் தனியே இருந்தாள்.

ஞாயிறு பத்தரைக்கே தலை இழுத்து, ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போனை ஒரு சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மேசையில் இருந்தாள். யாருக்காக நல்ல சட்டை, பாலத்துக்கா? பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தது. வெளியே ஒக்ரோபர்ப் பனிப்புகார் கலைந்து வெயில் வந்து, எதிர்வீட்டு மனுசி பல்கனியில் கம்பளத்தைத் தட்டி முடித்து உள்ளே போயும்விட்டாள். ஒன்று நாற்பதுக்கு கிருசிகாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பன்னிரண்டு செக்கன்.

ஓடுகிற வானின் யன்னல். புதுப்பாலத்தின் வெள்ளைக் கம்பிகள் குறுக்கும் மறுக்குமாக வெட்டிக்கொண்டு போகின்றன. அப்பால் பழைய தெருப்பாலம், நரை நிறத்தில். அதற்கும் அப்பால், மூன்று கோபுரமும் தோளோடு தோள் கொடுத்து, சிவப்பாக, அது. "அம்மான்ர பாலம்! அங்க, அம்மான்ர பாலம்!" என்று கிருசிகாவின் குரல். பின்னால் தவபாலன் சொல்வது கேட்கிறது: "வடைப் பையை இஞ்சால எடு." அவ்வளவுதான், முடிந்தது. கஜலக்சுமி அதைப் பதினேழு தரம் பார்த்தாள். ஒரு முறைகூட ஒரு கோபுரத்தை முழுசாகப் பார்க்க முடியவில்லை; சரியாக அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கம்பி வந்து மறைத்தது.

அவள் கிருசிகாவுக்குப் போன் எடுத்தாள். தவபாலன்தான் கதைத்தார். "வெளிச்சம் போயிடும் எண்டு படமெடுக்கிறவன் ஒரே துள்ளல், கஜா. கோட்டை நாலு மணித்தியாலத் தூரம். திரும்பி வரேக்க கட்டாயம் நிக்கிறம்."

"திரும்பி எந்தப் பாதையால வாறியள்?"

அவர் யாரிடமோ கேட்டார். "கிளாஸ்கோவால" என்றார்.

கிளாஸ்கோவால் வந்தால் பாலம் வராது. அது அவருக்குத் தெரியாது. கொப்பியின் மூன்றாம் பக்கத்தில் வரைபடத்தோடு எழுதியிருந்தது. கஜலக்சுமி போனை வைத்தாள். பின்னேரம் கோட்டையிலிருந்து எல்லாரும் வீடியோவில் வந்தார்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கல்லுக்கோட்டை, கல்லுப்பாலம், காற்றில் சீலை பறக்க நடுங்கிக்கொண்டு சிரிக்கிற லக்சாயினி. துரையண்ணை முகத்தை முன்னுக்கு நீட்டி, "பிள்ளை, உம்மட வடைதான் எங்களைக் காப்பாத்தினது!" என்றார். கோட்டை வேண்டுமென்றால் ஊஸ்டரிலும் மேட்டில் ஒரு கோட்டை நிற்கிறதே! ரயிலால் இறங்கி நடக்கலாம், குளிரும் குறைவு. அதைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் அழுகையும் சேர்ந்து வரும் என்று தெரிந்து விழுங்கினாள்.

திங்கட்கிழமை காலை அவள் நகரசபைக்குப் போனாள். அங்கே கருமபீடத்தில் இருந்த பெண்ணிடம், பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று டொச்சில் கேட்டாள். எத்தனை வருசமாக இருக்கிறீர்கள், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று அவள் கேட்க, இவள் சொல்ல, சமையலறை பற்றியும் பனிப்புகார் பற்றியும் கதை போய், இருபது நிமிசம் கதைத்துவிட்டார்கள். முடிவில் அந்தப் பெண் தாள்களைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே, "உங்கள் டொச் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இவ்வளவு காலம் வரவில்லை?" என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். கஜலக்சுமிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து, அந்தத் தாள்களைச் சாமிப்படத் தட்டில் வைத்துவிட்டு, ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அழுக்கே இல்லாத நிலத்தைக் கழுவினாள்.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். மூன்று பெட்டியும் முதுகுப்பைகளும் நடுக்கூடத்தில் விழுந்தன. தவபாலன் வெயில் படாத ஊரிலும் எப்படியோ கறுத்திருந்தார். கட்டம் போட்ட தகரப்பெட்டியில் பிஸ்கட். குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற ஒரு காந்தம், அதில் சின்னச் சிவப்பாக ஃபோர்த் பாலம்.

"இந்தாரும், உம்மட பாலம்" என்று அவர் அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். விமான நிலையத்துக் கடையில் வாங்கியது. விலைச்சீட்டில் அப்படித்தான் இருந்தது. பத்து நிமிசத் தூரத்தில் அது நிசமாக நின்றுகொண்டிருக்க, இந்த மனுசன் வரிசையில் நின்று காந்தம் வாங்கியிருக்கிறார்!

"கொப்பி எங்க?" என்று நிருசனைக் கேட்டாள்.

அவன் தயங்கித் தயங்கி எடுத்தான். கொப்பியின் மட்டையில் எண்ணெய் ஊறியிருந்தது. கடைசி நாலு பக்கத்தையும் அவள் திறந்தாள். பாலத்தின் படம் கீறி, பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கத்துக்கு மேலாக, தடித்த நீலப் பேனையால் யாரோ எழுதியிருந்தார்கள்: பச்சைச் சீலை, பத்து மணி. மெரூன் லெகங்கா, பன்னிரண்டு. மாப்பிள்ளை கோட், தலைப்பாகை. பூ மறக்கவேண்டாம்.

"பெரியப்பா பேப்பர் கேட்டவர் அம்மா" என்றான் நிருசன். "வானுக்குள்ள வேற பேப்பர் இருக்கேல்லை. நான் சொன்னனான்…"

"என்ன சொன்னனி?"

அவன் தலையைக் குனிந்தான். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

கஜலக்சுமி கத்தவில்லை. கத்துவாள் என்று மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் கொப்பியை மூடி மேசையில் வைத்தாள். "கெலரில இருக்கிற அரிசி முழுக்க மேல கொண்டு வாங்கோ" என்றாள்.

"இப்பவோ? எதுக்கு?"

"கொண்டு வாங்கோ."

அந்தக் குரலுக்குத் தவபாலன் தாகம் எடுக்கவும் மறந்துபோனார். தகப்பனும் மகனும் நிலவறைக்கும் வீட்டுக்குமாக மூன்று தரம் ஏறி இறங்கினார்கள். இருபது கிலோ பாஸ்மதி இரண்டு மூட்டை, பத்துக் கிலோ சிவப்புப் பச்சையரிசி இரண்டு மூட்டை. அதற்குள் அவள் சாப்பாட்டுக் கதிரைகள் இரண்டை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் வைத்து, பிள்ளைகளின் பனிச்சறுக்குத் தடிகள் நாலையும், கொடிக்கயிற்றையும், கிருசிகாவின் சாமத்தியவீட்டுக்கு வாங்கிய மணைப்பலகையையும் எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய நிறை ஐம்பத்தெட்டுக் கிலோ. பாதி இருபத்தொன்பது. பலகையின் பாரத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு இருபதும் பத்தும் காணும். முப்பது வருசத்துக்குப் பிறகும் கணக்கு தன்பாட்டில் வந்தது, கையும் தன்பாட்டில் முடிச்சுப் போட்டது.

"இருங்கோ" என்று தவபாலனுக்கு ஒரு கதிரையைக் காட்டினாள். "நீ அதில இரு" என்றாள் மகனிடம். கைகளை நீட்டச் சொன்னாள். தடியின் அடியைக் கதிரைச் சட்டத்தில் முட்டவைத்து நுனியைப் பிடிக்கச் சொன்னாள். வெளிப்பக்கத் தடிகளில் செங்கல்லுக்குப் பதிலாக அரிசியைக் கட்டினாள், உள்பக்கத் தடிகளுக்கு நடுவில் பலகையைத் தொங்கவிட்டாள். நிருசனுக்கு இப்போது விளங்கிவிட்டது. கொப்பியில் ஒட்டியிருந்த படத்தை அவன் பார்த்திருக்கிறான்.

"அம்மா, நான் நடுவில இருக்கட்டோ? நீங்கள் பிடியுங்கோ" என்றாள் கிருசிகா.

"பிடிச்சது காணும்" என்றாள் கஜலக்சுமி. பலகையில் மெதுவாக இருந்தாள். பிறகு இரண்டு காலையும் நிலத்திலிருந்து எடுத்தாள்.

பலகை ஒரு சொட்டு இறங்கி நின்றது. நாலு கையும் விறைத்தன. தவபாலனின் முகம் சிவந்தது.

"கஜா, கை நோகுது."

"நோகும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம் எண்டுதானே சொன்னனான்." அவள் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை போய் பிரசாவுரிமைக்குத் தாள் எடுத்தனான். இனி ஒருதரும் ஒண்டும் பாக்கவேண்டாம். நானே பாக்கிறன். நீங்கள் சுவிஸ்காரர்தானே, பிரசாவுரிமைச் சோதினைக்கு எனக்கு ஒருக்காப் பாடம் கேளுங்கோ பாப்பம். சரி, நான் கேக்கிறன். சுவிசில எத்தினை கன்ரோன் மாகாணம்?"

"இருபத்து… மூண்டு?"

"இருபத்தாறு அப்பா" என்றான் நிருசன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவனுடைய கண் கலங்கியிருந்தது. கை நோவோ வேறெதுவோ தெரியவில்லை. ஆனால் தடியை அவன் விடவில்லை.

"அரசாங்கத்தில எத்தினை மந்திரிமார்?"

"ஏழு. கஜா, இறங்குமன். இனி ஏலாது."

"விட்டிட்டுப் போங்கோவன்" என்றாள். "விட்டால் நான் விழுவன். அவ்வளவுதான்."

தவபாலன் விடவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து, துடைக்கக் கையில்லாமல் சொட்டியது. கிருசிகா போனைத் தூக்கினாள், படமெடுப்பதா என்று யோசித்து, பிறகு கீழே வைத்துவிட்டாள். கஜலக்சுமி அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால்கள் நிலத்துக்கு ஒரு சாண் மேலே ஆடாமல் நின்றன. மனுசனின் பக்கத்தில், இருபதும் பத்தும் சேர்த்துக் கட்டிய அரிசி மூட்டை நிலத்தை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்தது.